இணைப்பு: ஒன்று

தூங்கும் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து எழுப்ப வேண்டுமானால் முதலில் ஆறு முறை கனைக்க வேண்டும். பிறகு அதன் பெயரைப் பதினாறு முறை சொல்ல வேண்டும். நடுவில் வேறு சொல் வந்துவிடக் கூடாது. பதினைந்தோடு நிறுத்தினால் அது புரண்டு படுத்துக்கொள்ளும். பதினாறும் சரியாக விழுந்தால் எழுந்து, கூப்பிட்டவர் இருக்கும் இடத்துக்கே வந்து, என்ன வேண்டும் என்று கேட்கும். வாங்கும்போது கூடவே தரும் சிறு புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் ஒருமுறைகூட அப்படி எழுப்பியதில்லை. காரணம் அதன் பெயர். ஆறு வருடங்களுக்கு முன் அதை மாட்ட வந்தவர், படிவத்தில் 'பெயர்' என்ற இடத்தைக் காட்டி என் கணவரிடம் பேனாவைக் கொடுத்தார். பெயர் என்று எங்கே கண்டாலும் தன் பெயரை எழுதுகிறவர் அவர். எழுதினார். அடுத்த வரியில் தகப்பனார் பெயரையும் எழுதினார். அன்று முதல் அது அவர் பெயரோடு, என் மாமனாரின் இன்னொரு மகனாக, எங்கள் வீட்டில் இருந்துவருகிறது.

கணவர் பெயரை நான் சொல்வதில்லை. சொல்லாதே என்று யாரும் தடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் கூச்சமாக இருந்தது. கூச்சம் போனபோது பழக்கமாகிவிட்டிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால், இன்னாருடைய அப்பா என்று சுற்றிவளைத்துக் கூப்பிடும் வசதியும் வாய்க்கவில்லை. நான் 'என்னங்க' என்பேன், அவர் 'இந்தா' என்பார். இப்படியே இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது. நான் அறிவியல் ஆசிரியை. தனிம அட்டவணை நடத்தும்போது எழுபத்தொன்பதாவது தனிமம் வந்தால் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிடுவேன். அவர் பெயரின் முதல் பாதி அதுதான். நகைக்கடையில் 'அது இன்னைக்கு என்ன விலை' என்று கேட்பேன். கடைக்காரர் விலையைச் சொல்வார்.

ஒன்பது வருடமாக எனக்குக் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளியில் வேலை. அவர் சாத்தூரில் அச்சகத்தில் இருக்கிறார். மாதம் இரண்டு முறை பார்த்துக்கொள்வோம். அதில் ஒரு முறை துணி துவைப்பதிலேயே போய்விடும். ஒவ்வொரு வருடமும் மாறுதல் கலந்தாய்வுக்குப் போவேன், சாத்தூரில் இடம் இல்லை என்பார்கள், திரும்பி வருவேன். இந்த வருடம் ஒரே ஓர் இடம் காட்டினார்கள். ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவர் அந்த ஊரில் இருக்கிறார் என்பதற்குச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை என்றும் போட்டிருந்தது.

அன்று என் வரிசை எண் நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாம் எண் டீச்சரும் சாத்தூரைத்தான் கேட்கப்போகிறேன் என்று காலையில் இட்லி சாப்பிடும்போதே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு எனக்குச் சட்னியையும் நகர்த்தி வைத்தார். அவருடைய காகிதங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் தேதிவாரியாக இருந்தன. நான் பையைத் திறந்தது இருபத்தாறாம் எண் போய்க்கொண்டிருந்தபோது. சான்றிதழ் இல்லை. போன வாரம் வீட்டில் ஸ்கேன் செய்துவிட்டு, அசலை ஸ்கேனர் மூடிக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நகல் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது.

மணி இரண்டேகால். கணவருக்குக் காலை ஐந்து மணி ஷிப்ட். ஒரு மணிக்கு வந்து சாப்பிட்டு, நான்கு வரை தூங்குவார். நல்ல மின்விசிறி கம்ப்யூட்டர் அறையில்தான் இருக்கிறது என்பதால் அங்கேயே படுப்பார். கைபேசியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுவார். காலிங்பெல் அடித்தாலும் அவருக்குக் கேட்காது. பக்கத்தில் போய் 'என்னங்க, என்னங்க' என்று நான் கத்தினாலே எழ மாட்டார், தோளைத் தொட்டு உலுக்க வேண்டும். ஆக, ஒரே அறையில் ஒரே பெயரில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களில் ஒருவர் தேவைப்பட்டது.

கலந்தாய்வுக் கூடத்தின் ஓரத்தில், வீட்டுக் கம்ப்யூட்டரைக் கூப்பிடுகிறவர்களுக்கென்று ஒரு மேசை போட்டு, திரையும் மைக்கும் வைத்திருந்தார்கள். உட்கார்ந்து, சிறு புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். சூசை என்பவர் எடுத்தார். அவசரப்படாத குரல்.

"மேடம், கூப்பிட்டா எந்திரிப்பேன்னு உங்க கம்ப்யூட்டர் எழுதிக் குடுத்திருக்கா?"

"குடுத்திருக்கு. வாங்கின அன்னைக்கே கையெழுத்துப் போட்டுச்சு."

"அப்பச் சரி. பின்னால வயரு மாட்டுற எடத்துல பச்ச லைட்டு எரியுதா பாருங்க. அது எரிஞ்சாத்தான் தூங்கையில ஒரு காது முழிச்சிருக்கும்."

"நான் கிருஷ்ணகிரியில இருக்கேன். லைட்டு சாத்தூர்ல இருக்கு."

"பரவால்ல மேடம், நெனச்சுப் பாருங்க."

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். கணவர் கம்ப்யூட்டர் மேல் துண்டு காயப் போட்டிருந்தார். துண்டுக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எரிகிறது என்றேன். ஈரத் துண்டை அங்கே போடாதீர்கள் என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன் என்பதையும் சூசையிடம் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ரவுட்டரைப் பற்றி விளக்கினார். தூங்குகிறவர் அரை மணி நேரம் பேசாமல் இருந்தால், அவர் எந்த அறையில் படுத்திருக்கிறார் என்பதை ரவுட்டர் மறந்துவிடும். அதனால் அறையைக் குறிப்பிடாமல் வீட்டுக்கே பொதுவாகக் கூப்பிட வேண்டும். ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் காதில் வாங்கும். தன் பெயர் இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். பெயருக்கு உரியவர் மட்டும் எழுவார்.

"பேரு என்ன மேடம்?"

நான் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து 'த' என்பதற்கு மேல் போகவில்லை.

"நீங்களே கூப்பிட்டுருங்களேன்," என்றேன்.

"கூப்பிடலாம் மேடம். எங்கிட்ட வந்துரும். ஏற்கெனவே இங்க எட்டு நிக்குது, உக்கார வைக்க நாற்காலி இல்ல."

அப்போது முப்பத்திரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு தன் உறையிலிருந்த காகிதங்களை இன்னொரு முறை சரிபார்த்தார். இருபத்தோரு வருடமாகக் கூப்பிடும் விதத்திலேயே கூப்பிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டரும் அதை வீட்டில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது. மைக்கை இழுத்து ஆறு முறை கனைத்தேன். பிறகு 'என்னங்க' என்று பதினாறு முறை சொன்னேன்.

எங்கள் தெரு முழுக்க ஒரே இன்டர்நெட் கம்பி. பதினாறாவது 'என்னங்க' முடிந்ததும் ஸ்பீக்கரில் எதிர்வீட்டுப் பாலகுருசாமி "என்ன?" என்றார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர். பிறகு வரிசையாக மொத்தம் நாற்பத்து மூன்று கணவர்கள். பெயர் சொல்லாமல் கூப்பிட்டால் குரல் மட்டும் வரும், ஆள் வராது. அந்த மட்டும் நல்லதாகப் போயிற்று. சிலர் "இந்தா வாறேன்" என்றார்கள். ஒருவர் "வாங்கியாச்சு, பைக்குள்ள இருக்கு" என்றார். ஒருவர் எதைப் பற்றியோ "இனிமே செய்ய மாட்டேன்" என்றார். கூடத்தில் டீச்சர்களுக்குத் துணையாக வந்து சுவரோரம் நின்றிருந்த கணவர்கள் அனைவரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு என்னிடம் வந்து, மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு நின்றார்.

"உங்கள இல்லைங்க, நீங்க தூங்குங்க," என்று நாற்பத்து மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் நான்கு எண்கள் போய்விட்டன. என் கணவர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அது பேரு இல்ல மேடம்," என்றார் சூசை. "அத எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுறாங்க."

சரி, பெயரைத் தொடாமல் பெயருக்குப் பக்கத்தில் போகலாம் என்று பார்த்தேன். மறுபடி கனைத்து, 'எழுபத்தொன்பது பாண்டி' என்று பதினாறு முறை சொன்னேன். பிறகு பாண்டிச்சேரி போகும் எழுபத்தொன்பதாம் எண் பஸ், எந்த டிப்போவில் தூங்கிக்கொண்டிருந்ததோ, எழுந்து வந்து கூடத்தின் வாசலில் நின்றது. வரிசையில் இருந்த இரண்டு பேர் நேரத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். பஸ் போனது. அவர்கள் எண்கள் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் என்பதால், வரிசை ஒரேயடியாக நாற்பதுக்கு வந்தது.

எதிரே மேடையில் கலந்தாய்வுக் கண்காணிப்பாளர் பங்கஜவல்லி அம்மாள் நாற்பதாம் எண்ணின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் வேகமாகப் புரட்டுகிறவர். இந்த இடம் போனால் அடுத்த வருடம் கிடைக்கும் என்று ஒன்பது வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். பத்தாவது முறை சொல்லிக்கொள்ளத் தெம்பு இல்லை. கணவர் வீட்டில் தனியாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுவதும் நான் இங்கே தனியாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுவதும் போதும் என்று இருந்தது. வெட்கமாவது ஒன்றாவது.

ஆறு முறை கனைத்தேன்.

"தங்கப்பாண்டி," என்றேன்.

முதல் முறை யாரோ மாணவனை வருகைப்பதிவில் கூப்பிடுவது மாதிரி வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான். நான்காவதில் அது அவர் பெயர் என்று எனக்கே தெரிந்துவிட்டது, முகமெல்லாம் சுட்டது. ஏழாவதில் நன்றாக இருந்தது. அடடா, இத்தனை நாள் இதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கொடுத்துவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. பதினைந்து வரை சரியாக வந்து, பதினாறாவதற்கு 'என்னங்க' என்று வாய் தவறி வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பாலகுருசாமி "மறுபடியும் என்ன?" என்றார்.

"மொதல்ல இருந்து மேடம்," என்றார் சூசை. "நல்லாத்தான் வந்துச்சு. கனைப்பு மட்டும் கொஞ்சம் சத்தமா."

மறுபடி ஆறு. மறுபடி பதினாறு. இந்த முறை தவறவில்லை. கடைசி ஆறேழு தடவை கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது திரை காலியாக இருந்தது. என் பக்கத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். கட்டம்போட்ட லுங்கி, பனியன், ஒரு கன்னத்தில் தலையணைச் சுருக்கம். தோளில் அந்த ஈரத் துண்டு.

"என்னயப் பேரச் சொல்லிக் கூப்புட்டது யாரு?" என்றார்.

"நான்தாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். "சாப்பிட்டியா?"

"கம்ப்யூட்டர் வரல," என்று சூசையிடம் சொன்னேன்.

"ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தா மூத்தவருதான் மொதல்ல எந்திரிப்பாரு மேடம். அது சரியாத்தான் வேல செய்யுது. வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றார். வேண்டாம் என்று நன்றி சொல்லி வைத்தேன்.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். இருவரும் போய் நின்றோம். பங்கஜவல்லி அம்மாள் என் விண்ணப்பத்தைப் படித்தார். 'இணைப்பு: ஒன்று' என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக என் கணவரைப் பார்த்தார்.

"இது அசலா?"

"அசல்தாங்கம்மா."

"நகல் போதும்னுதான் போட்டிருந்தோம். அசலே கொண்டாந்தா இன்னும் நல்லது." என் கணவரின் முழங்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "சாத்தூர்ல இருக்கார்ங்கிறதுக்கு?"

"இன்னும் தூக்கம்கூடக் கலையலம்மா, பாருங்க. இப்பத்தான் அங்கிருந்து வாராரு."

அவர் திருப்தியடைந்தார். என் கணவரின் முன்கையில் முத்திரையைக் குத்தி, ஓரமாகச் சுருக்கொப்பம் போட்டார். பனியனின் கீழ்விளிம்பில் பஞ்ச் இயந்திரத்தால் இரண்டு துளை போட்டு, வெள்ளை நாடாவைக் கோத்து, என் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கோப்பில் முடிச்சுப் போட்டார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். ஆணையை என் கையில் கொடுத்தார். சாத்தூர். திங்கட்கிழமை பணியில் சேர வேண்டும்.

"இவரு?" என்றேன்.

"அசலத் திருப்பித் தர்ற வழக்கம் இல்ல டீச்சர். இணைப்ப எடுத்துட்டா ஆணை செல்லாது. வேணும்னா மனுப் போடுங்க." பிறகு, கொஞ்சம் இறங்கி, "கோப்பு அறையில ஃபேன் இருக்கு," என்றார்.

கணவர் கோப்பு அறையை எட்டிப் பார்த்தார். மின்விசிறி எங்கள் வீட்டில் இருப்பதைவிட நன்றாகவே சுற்றியது. "நீ போ," என்றார் என்னிடம். "ஒரே ஒரு எடம்தான் இருக்குன்ன. விட்டா போயிரும். பொறவு பாத்துக்கிடலாம்." நாற்பத்திரண்டாம் எண் டீச்சர் தன் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய கணவர் அவருக்கு விசிறிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த டீச்சர் மேல் பொறாமையாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சேலம் வரை பஸ்ஸில் அழுதேன். சேலத்தில் பசித்தது.

சாத்தூர்ப் பள்ளி நல்ல பள்ளி. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஒன்பது வருடம் நான் கேட்ட ஊரில், நான் கேட்ட தெருவில், அவருடைய லுங்கிகளோடு நான் இருக்கிறேன். ஸ்கேனரைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். அவர் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று அது சொல்கிறது.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஆறு முறை கனைத்துவிட்டுப் பெயரைச் சொல்கிறேன். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் எழுந்து எட்டிப் பார்க்கும். தனக்கில்லை என்று தெரிந்ததும் சத்தம் போடாமல் போய்ப் படுத்துக்கொள்ளும். மூத்தவரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பதால் அவர் எழுந்தாலும் வர முடியாது, குரல் மட்டும் வரும். கோப்பு அறையில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்கிறார். அவருக்கு மேலே ஒரு சாலை வழக்கின் கோப்பு இருக்கிறதாம், இரவெல்லாம் பேசுகிறதாம். பதினாறு முறை தேவையில்லை, எட்டிலேயே விழித்துவிடுகிறேன் என்று ஒருநாள் சொன்னார். நான் பதினாறும் சொல்லித்தான் நிறுத்துகிறேன்.

போன வாரம் அவரும் ஒரு மாறுதல் மனுப் போட்டார். கோப்பு அறையிலிருந்து சாத்தூருக்கு. காரணம் என்ற இடத்தில், மனைவி அந்த ஊரில் வசிக்கிறார் என்று எழுதியிருக்கிறார். பங்கஜவல்லி அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு, முன்னுரிமை உண்டு, ஆனால் மனைவியின் அசல் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

அதனால் நாளை அவர் என்னைக் கூப்பிடுகிறார். என் பெயர் ஜெயக்கொடி. அவர் வாயில் அது 'இந்தா' என்றே இருந்துவந்திருக்கிறது. நான்கு நாளாக எழுத்துக்கூட்டிப் பழகுகிறாராம். அவர் பழகும் நேரத்தில் எனக்கு வகுப்பில் காது சூடாகிறது.

"கனைக்க மறந்துராதீங்க," என்று சொன்னேன்.

"மறக்கல. இந்தா, இன்னொரு விசயம் விசாரிச்சிட்டேன்," என்றார். "ஒரே கோப்புல ரெண்டு இணைப்பு வந்தா, ஒரே நாடாவுலதான் கட்டுவாகளாம்."

கூப்பிடும்போது நான் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். நாளை மதியத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு சேலை, துளை போடாத பனியன் இரண்டு, துவையலுக்குக் கொஞ்சம் பொட்டுக்கடலை எல்லாம் பையில் இருக்கின்றன. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தால் அதுவும் கூடவே வந்துவிடும் என்று சூசை சொல்லியிருக்கிறார். பால்காரர் வந்தால் கம்ப்யூட்டர் வாங்கி வைக்கும். திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குத் தனிம அட்டவணை நடத்துவதற்கும் அது ஒத்துக்கொண்டிருக்கிறது. எழுபத்தொன்பதாவது வந்தால் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டியிருக்குமே என்று மட்டும் கொஞ்சம் கூச்சப்படுகிறது.